செங்கல்வராயனின் இரண்டு மணி

பின்சீட்டின் இடது மூலையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் செங்கல்வராயன். தூங்கவில்லை, சீட்டைப் பரீட்சை செய்கிறார். ஒருமுறை முன்னால் சாய்கிறார், ஒருமுறை பின்னால் சாய்கிறார், இடுப்பை இரண்டு பக்கமும் நெளிக்கிறார். ஸ்பிரிங் எங்கேயாவது குத்துகிறதா, ரெக்ஸின் வெயிலில் சுடுகிறதா, நேற்று யாரோ பிடித்த சிகரெட் வாடை இன்னும் மிச்சமிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்.

"நா குந்திப் பாக்காத சீட்டுல சாரை குந்த வெச்சிடுவனா அண்ணாத்தே? மேல போனா நூத்தி இருவது உசுரு அவரு கைல கீது. இங்க முதுவு புடிச்சிக்கிச்சின்னா அங்க யாரு பதில் சொல்றது?"

அப்போது மணி ஒன்று இருபது. கார் புறப்பட வேண்டிய நேரம் இரண்டு. நாற்பது நிமிஷம் முன்னதாக வந்து அம்பத்தூரில் எங்கள் தெருவின் ஒரே வேப்பமர நிழலைப் பிடித்துக்கொள்வது அவருடைய வழக்கம். என் எதிர்வீட்டுக்காரர் கேப்டன் ரகுநாதன் அரசாங்க விமானக் கம்பெனியில் பைலட். அவரை வீட்டிலிருந்து மீனம்பாக்கத்துக்கு ஏற்றிப் போகிற ஒப்பந்தக் கார் இந்த வெள்ளை அம்பாசிடர். காருக்குச் சொந்தக்காரர் ஆவடியில் டிராவல்ஸ் நடத்தும் பார்த்தசாரதி. செங்கல்வராயன் வெறும் டிரைவர்தான். ஆனால் அவரிடம் 'வெறும்' என்று சொல்லிவிட்டு நீங்கள் முழுசாக வீடு திரும்ப முடியாது.

நான் ஒரு தொழிற்சாலையில் டைம் ஆபீஸ் கிளார்க். பத்தொன்பது வருஷமாக மற்றவர்கள் தாமதமாக வருவதைக் குறித்துக்கொள்வதே என் பிழைப்பு. பஸ் வரவில்லை, பஞ்சர், மாமியாருக்கு நெஞ்சுவலி என்று நான் கேட்காத காரணம் கிடையாது. ஒருத்தருக்கு அதே மாமியார் மூன்று தடவை இறந்திருக்கிறார். எனக்கு இரண்டாவது ஷிப்டு, மூன்று மணிக்கு. அதனால் மத்தியானத்தில் வாசலில் நின்று செங்கல்வராயனோடு பேச நேரம் இருக்கும். சீக்கிரம் வருகிறவர்களைக் கண்டால் என் தொழிலுக்கு விரோதிகள் போல் தோன்றும். இருந்தாலும் இவரைப் பிடித்துப்போயிற்று.

வயது நாற்பத்தாறு. குள்ளம், கொஞ்சம் தொப்பை, எப்போதும் வெள்ளைச் சட்டை. வீடு பட்டாபிராமில். அப்பா நெமிலிச்சேரிப் பக்கம் கூலிக்கு நாற்று நட்டவர், இவர் லாரி கிளீனராகிப் பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தவர். இரண்டு கையிலும் கடிகாரம் கட்டியிருப்பார். இடது கையில் இந்திய நேரம், வலது கையில் லண்டன் நேரம். விமானிகளின் டியூட்டி அட்டவணை லண்டன் நேரத்தில்தான் வருமாம். நம்முடைய மத்தியானம் இரண்டு மணி அவருக்கு எட்டரை. ஐந்தரை மணி நேரத்தைக் கழிக்கிற கணக்கு அவருக்கு மூச்சு விடுவதைப்போல. அவர் மனைவி பேபி இதை ஒரு நாளும் ரசித்ததில்லை. "ஊட்டுக்கு சோறு துன்ன வர்றதுக்கு மட்டும் எந்த ஊரு டைமு?" என்று கேட்பாராம்.

விமானத்தில் ஒரு தடவையாவது ஏறியதுண்டா என்று ஒரு நாள் கேட்டேன். முகத்தைச் சுளித்தார். "நா ஓட்டாத வண்டில நா ஏற மாட்டேன்."

அவருடைய சொத்து ஒரு காகிதம். டிரிப் ஷீட் என்று பெயர். காரில் ஏறும்போது விமானி அதில் கார் வந்து சேர்ந்த நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கும். தாமதமானால் அங்கே எழுதுவார்கள். பதினொரு வருஷமாக செங்கல்வராயனின் கட்டம் காலி. மழை வெள்ளத்தில் காலி, பந்த் நாளில் காலி, மகளுக்கு மஞ்சள் காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றும் காலி. அதில் ஒரு எழுத்து விழுந்தால் பார்த்தசாரதி அந்த டிரைவரை விமானி டியூட்டியிலிருந்து தூக்கிக் கல்யாண வண்டிக்கு அனுப்பிவிடுவார். கல்யாண வண்டி என்று சொல்லும்போதே செங்கல்வராயன் வாயைத் துடைத்துக்கொள்வார்.

ஒரு நாள் எனக்குக் கிண்டியில் வேலை இருந்தது. கேப்டன் பெரிய மனசு பண்ணி முன்சீட்டில் ஏற்றிக்கொண்டார். முகப்பேரில் அவருடைய கோ-பைலட் ராஜசேகரன் ஏறினார். முப்பது வயசிருக்கும், சினிமா கதாநாயகன் சாயல். ஏறி உட்கார்ந்த மாத்திரத்தில் சண்டை தொடங்கிவிட்டது. தினமும் நடக்கிற சண்டையாம், முந்தின நாள் நிறுத்திய இடத்திலிருந்து எடுத்தார்கள்.

"சார், வெளிநாட்டுலேர்ந்து கூட்டிட்டு வர்ற பைலட்டுக்குப் புதுக் கம்பெனிக்காரன் டாலர்ல குடுக்கிறான். அதே மெட்ராஸ், அதே பம்பாய், அதே விமானம். அவன் மட்டும் வேற மேகத்துல போறானா?" என்றார் ராஜசேகரன்.

"உனக்கும் மூணு மடங்கு தரேன்னு சொல்லியிருப்பானே?" என்றார் ரகுநாதன். "தருவான். எத்தனை மாசம் தருவான்? ரெண்டு விமானத்தை வாடகைக்கு எடுத்து மாலை போட்டு போட்டோ பிடிச்சிட்டா கம்பெனி ஆயிடுமா? வாடகை கட்டலேன்னா விமானத்துக்காரன் வந்து ஓட்டிட்டுப் போயிடுவான். அப்புறம் உன் சீனியாரிட்டியை எங்க போய்த் தேடுவ?"

"சீனியாரிட்டியை வெச்சு ஸ்கூல் ஃபீஸ் கட்ட முடியுமா சார்?"

"நீயும் நானும் இங்க சம்பளத்துக்கு மல்லுக்கட்டிட்டு இருக்கோம். வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் நம்ம ஊர் ஜனங்களை நம்ம ஊர்லேர்ந்தே அள்ளிட்டுப் போறான். அதைப் பாரு முதல்ல."

"அதுக்குத்தான் சார் சொல்றேன். நல்லா குடுத்தா நாங்க ஏன் போகப்போறோம்?"

செங்கல்வராயன் திரும்பிப் பார்க்கவேயில்லை. விமானிகள் பேசும்போது டிரைவருக்குக் காது கிடையாது என்பது அவருடைய சட்டம். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. நல்ல பாயிண்டு விழுந்தால் ஒரு குட்டி ஹாரன். 'வேற மேகம்' வந்தபோது ஒன்று, 'விமானத்துக்காரன்' வந்தபோது ஒன்று. கத்திப்பாரா வருவதற்குள் நான் எண்ணியதில் ராஜசேகரன் ஆறு, ரகுநாதன் ஐந்து. ரோட்டில் குறுக்கே வந்தவர்களுக்கு ஒன்றுகூட அடிக்கவில்லை.

விமானிகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது மண்ணூர்பேட்டை டீக்கடையில் நிறுத்துவார். அங்கே அவர்தான் விமானத்துறை மந்திரி. அம்பத்தூர் எஸ்டேட் பட்டறைகளில் லேத் ஓட்டுகிறவர்கள் பெஞ்சில் இடம் விட்டு உட்காருவார்கள். புதுக் கம்பெனிகள், டாலர் சம்பளம், வெளிநாட்டுப் போட்டி எல்லாவற்றையும் கிளாஸ் ஆறுகிற வரைக்கும் விளக்குவார். காரில் யார் கடைசியாகப் பேசினார்களோ இவர் அவர்கள் கட்சி. கடைக்காரர் தங்கவேல் ஒரு தடவை மடக்கினார்.

"எல்லாம் சரி மாமே, மூணு மடங்கு, நாலு மடங்குன்ற. உனுக்கு இன்னா ஏத்துனாங்கோ?"

செங்கல்வராயன் டீயை உறிஞ்சினார். "நம்ம கதை வேற மச்சான். அவுங்களை இட்டுகினு போவ நாலு பேரு வாசல்ல நிக்கறான், அதனால ரேட்டு கீது. என்னை எந்த வெளிநாட்டுக்காரன் இட்டுகினு போவப் போறான்? சக்கரை கொஞ்சம் போடு."

போன வருஷம் ஆகஸ்டில் சண்டை காரை விட்டு வெளியே வந்தது. விமானிகளில் ஒரு பிரிவினர் 'விதிப்படி வேலை' என்று ஆரம்பித்தார்கள். வேலைநிறுத்தம் இல்லை. புத்தகத்தில் இருக்கிறதை அட்சரம் பிசகாமல் செய்வது, அவ்வளவுதான். அந்தப் புத்தகத்தில் ஒரு விதி: அழைத்துப்போகும் கார் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் தாமதித்தால் விமானி காத்திருக்கக் கடமைப்பட்டவர் அல்ல. அவர் உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்துக்கொள்ளலாம், யாரும் கேட்க முடியாது. ரகுநாதன் இந்தக் கட்சியில் இல்லை. அவருக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. ராஜசேகரன்தான் முன்னணி.

ஒரு புதன்கிழமை மத்தியானம் செங்கல்வராயன் சீட்டைக்கூடப் பரீட்சை செய்யாமல் நேரே என் வாசலுக்கு வந்தார்.

"அண்ணாத்தே, நாளிக்கு இருவது நிமிசம் லேட்டா வான்றாரு சின்ன சாரு."

"எதுக்கு?"

"வண்டி லேட்டுன்னா அவரு டூட்டிக்குப் போவத் தேவல. பிளேன் நின்னுடும். தில்லி வரைக்கும் ஆடிப்பூடும்ன்றாரு. பஞ்சர்னு சொல்லிடு, யாரு கேக்கப் போறாங்கன்றாரு. இன்னா நாயம் இது?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சார், உங்க சண்டைல நாயம் கீது. ஊர்கோலம் போங்கோ, கொடி நா புடிக்கறேன். உண்ணாவிரதம் குந்துங்கோ, பந்தல் நா போடறேன். லேட்டு மட்டும் கேக்காதீங்கோன்னேன்."

"அவர்?"

"யோசிச்சிப் பாரு செங்கல்னு தோள்ல கை போட்டாரு." தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "பதினோரு வருசத்துல எந்த பைலட்டும் என் தோள்ல கை போட்டதில்ல அண்ணாத்தே."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. என் டைம் ஆபீஸ் மூளை உடனே வேலை செய்தது. சத்தியம் பண்ணுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு பெரிய மனுஷர் தோளில் கை போட்டால் எலும்பே இளகிவிடுகிற ஜாதி நாம். நாளைக்கு இந்த ஆள் நிச்சயம் லேட்டு, பஞ்சர் என்று சொல்லப் போகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

வியாழக்கிழமை ஒன்று இருபதுக்கு வேப்பமரத்தடி காலியாக இருந்தது. ஒன்றரைக்கும் காலி. ஒன்றே முக்காலுக்குக் கேப்டன் யூனிபாரத்தோடு வராந்தாவுக்கு வந்து தெருமுனையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி வானத்தைப் பார்த்தேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது, அதை மறைப்பானேன். பத்தொன்பது வருஷ அனுபவம் தோற்கவில்லை என்ற சந்தோஷம்.

ஒன்று ஐம்பத்தேழுக்குத் தெருமுனையில் ஒருவர் ஓடி வந்தார். முதலில் யாரென்று புரியவில்லை. செங்கல்வராயனைக் காரில்லாமல் நான் பார்த்ததே கிடையாது. சட்டை பிதுங்கி வெளியே தொங்க, ஒரு காலில் செருப்பு, ஒரு கால் வெறுங்கால், இரண்டு கைக் கடிகாரமும் வெயிலில் மின்ன, தொப்பை குலுங்க வந்து கேப்டன் வாசலில் நின்று சலாம் வைத்தார்.

"வன்ட்டேன் சார்."

"வண்டி எங்கப்பா?"

"கேட்டாண்ட கீது சார். நா வன்ட்டேன்."

மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால் இதுதான் சங்கதி. மெயின் ரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்கு வர ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டும். ஒன்று பத்துக்கே அங்கே வந்துவிட்டார். பட்டாபிராம் பக்கமிருந்து ராணுவ டாங்கி ஏற்றிக்கொண்டு வந்த கூட்ஸ் ஒன்று, என்ஜின் மக்கர் பண்ணி, கேட்டுக்குக் குறுக்கே படுத்துவிட்டது. நகரும் நகரும் என்று அரை மணி நேரம் பார்த்தார். நகரவில்லை. காரை ஓரம் கட்டிப் பூட்டிவிட்டு, இரண்டு கூட்ஸ் பெட்டிக்கு நடுவில் ஏறி இந்தப் பக்கம் குதித்தார். குதித்த இடத்தில் ஒரு செருப்பு தண்டவாளத்துக்குள் போய்விட்டது. எடுக்க நேரமில்லை என்று அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர் ஓடி வந்திருக்கிறார். விமானியை ஏற்றிப் போக, வாகனம் இல்லாமல் வந்து சேர்ந்த டிரைவர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

சட்டைக்குள்ளிருந்து டிரிப் ஷீட்டை எடுத்து நீட்டினார். வியர்வையில் நனைந்திருந்தது. கேப்டனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பேனாவைத் திறந்தார்.

"நீ வந்துட்ட, எனக்கு அது போதும். ரெண்டு மணின்னு போட்டுடறேன்."

செங்கல்வராயன் சரியென்று தலையை ஆட்டப் போனார். பிறகு என்ன தோன்றியதோ, காகிதத்தின்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

"வாணாம் சார். இது என் சீட்டு இல்ல, வண்டி சீட்டு. வண்டி வரலியே."

"லேட்டுன்னு எழுதினா பார்த்தசாரதி என்ன பண்ணுவார்னு தெரியுமில்ல? அதுவும் இன்னைக்குப் போய்?"

"தெரியும் சார். எய்துங்கோ. நா ஓடியாந்தது சீட்டுக்காக இல்ல. காசு வாங்கிகினு எங்கனா நின்னுட்டான்னு நீங்கோ நெனச்சிடக் கூடாது, அதுக்குத்தான்."

கேப்டன் அப்படி நினைக்கவில்லை. நினைத்தவன் எதிர்வாசலில் நின்றுகொண்டிருந்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில்தான் உள்ளே ஓடிப் போய் ஸ்கூட்டரை எடுத்து வந்தேன்.

மூன்று பேரும் ஒரே ஸ்கூட்டரில் போனோம். முன்னால் நான், நடுவில் செங்கல்வராயன், கடைசியில் தோளில் தங்கப் பட்டையும் மடியில் பெட்டியுமாக கேப்டன் ரகுநாதன். கேப்டன் சட்டையில் தன் வியர்வை படக் கூடாது என்று செங்கல்வராயன் முன்னால் நெருக்கி நெருக்கி, என்னை ஹாண்டில்பார்மேலேயே ஏற்றிவிட்டார். தெருப் பெண்கள் குழாயடியில் குடத்தை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். நாங்கள் கேட்டை அடைந்தபோது கூட்ஸ் அப்போதுதான் முனகிக்கொண்டு நகர்ந்தது.

கேட் திறந்து காரில் ஏறியபோது மணி இரண்டு பத்தொன்பது. கேப்டன் அதையே எழுதினார். குறிப்புக் கட்டத்தில் 'ரயில்வே கேட்' என்று இரண்டு வார்த்தை. செங்கல்வராயன் காகிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார். மடித்துப் பையில் வைத்தார். "சாட்சிக்கு நீங்களும் வாங்க" என்று கேப்டன் என்னை முன்சீட்டில் ஏற்றினார். ஸ்கூட்டரைக் கேட் பக்கத்துப் பெட்டிக்கடையில் விட்டேன். அன்றைக்கு மூன்று மணி ஷிப்டுக்கு டைம் ஆபீஸ் கிளார்க்கே லேட்டு. என்னைக் குறித்துக்கொள்ள அங்கே யாருமில்லை என்பது வேறு விஷயம்.

அந்த இரண்டு வார்த்தைக்காகப் பார்த்தசாரதி அவரை ஒரு மாதம் கல்யாண வண்டிக்கு மாற்றியதும், கேப்டன் ஆவடிக்கு நேரில் போய்ச் சத்தம் போட்டு மீட்டுக்கொண்டு வந்ததும் பிறகு நடந்தவை. ராஜசேகரன் இப்போது மூன்று மடங்குச் சம்பளத்தில் ஒரு புதுக் கம்பெனியில் பறக்கிறார். அன்றைய விமானத்துக்கு எங்கிருந்தோ வேறொரு கோ-பைலட்டைப் பிடித்து ஒன்றரை மணி நேரம் கழித்து அனுப்பினார்கள். எனக்கு அதிலெல்லாம் அக்கறையில்லை. நான் சொல்ல வந்தது முகப்பேரில் நடந்தது.

முகப்பேருக்கு நாங்கள் போக வேண்டிய நேரம் இரண்டு இருபது. போய்ச் சேர்ந்தது இரண்டு நாற்பத்தொன்று. ராஜசேகரன் கேட்டது இருபது நிமிஷம், கிடைத்தது இருபத்தொன்று. அவர் கையில் பெட்டி இல்லாமல், சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு, வீட்டுக் கேட்டில் சாய்ந்து நின்றிருந்தார். செங்கல்வராயன் இறங்கிப் போய் வழக்கம்போல் அவருக்காகப் பின்கதவைத் திறந்து பிடித்தார். ராஜசேகரன் ஏறவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. கிட்டே வந்து செங்கல்வராயனின் தோளில் கையைப் போட்டு, ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

"யோசிச்சா உனக்கே புரியும்னு சொன்னேன் இல்ல? சொன்னபடி செஞ்சுட்ட. தேங்க்ஸ் செங்கல், இதை நான் மறக்கவே மாட்டேன்."

கேப்டன் பின்சீட்டிலிருந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். நானும் எடுத்தேன். செங்கல்வராயன் எங்கள் இருவரையும் கையமர்த்தினார். தோளிலிருந்த கையை மெல்ல எடுத்துக் கீழே விட்டார். ஒரு கையால் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, செருப்பில்லாத காலைத் தூக்கி, ஜல்லி கிழித்து ரத்தமும் கிரீஸுமாய் இருந்த உள்ளங்காலைத் திருப்பி, ராஜசேகரன் குனிந்து பார்க்கும்வரை ஒற்றைக்காலில் நின்றார்.